மருந்து என்னும் பெயருடையாய்

உன்னைப் புகழ்வதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை. இருப்பதை இருக்கிறபடி சொன்னாலே போதும். மளிகைக் கடையில் ஊதுபத்திக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில், குழந்தைக்கும் கை எட்டுகிற உயரத்தில் உட்கார்ந்திருக்கிறாய். உன்னை வாங்க வருகிறவர் யாரும் விஷம் ஒரு பாக்கெட் கொடுங்கள் என்று கேட்பதில்லை. 'எலி மருந்து' என்கிறார்கள். இன்னும் பிரியமாக 'எலி கேக்', 'எலி பிஸ்கட்'. கொல்வதற்கென்றே பிறந்து, மருந்தென்றும் பலகாரமென்றும் பெயர் வாங்கிவிட்டாய். ஊருக்காக உழைத்தவர்களுக்குக்கூட இத்தனை சுலபமாக நல்ல பெயர் கிடைத்ததில்லை.

அந்தப் பெயருக்கு நீ தகுதியில்லாதவனும் அல்ல. உன் குலத்தில் உண்மையாகவே ஒரு மருந்து இருக்கிறது. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட டகோட்டாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருந்தன. கொம்பு அறுத்த இடத்தில், காயடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் வழிந்தது. பிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர், பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குத்தான் இப்படி ஆகிறது என்று கண்டுபிடித்தார். 1933 பிப்ரவரியில் விஸ்கான்சினைச் சேர்ந்த ஒரு விவசாயி, பனிப்புயலில் வண்டி ஓட்டிக்கொண்டு, செத்த கிடேரி ஒன்றையும் கெட்டுப்போன தீவனத்தையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் கார்ல் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ரத்தத்தை உறையவிடாமல் செய்தது எது என்று அங்கே தேடினார்கள். 1939இல் அது படிகமாகக் கையில் கிடைத்தது. அந்த வழியில் பிறந்த வார்ஃபரின் 1948இல் எலிக்கொல்லியாகக் கடைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கும் மருந்தாக அனுமதி பெற்றது. மறு ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு அதைக் கொடுத்தார்கள். இதயத்தில் செயற்கை வால்வு வைத்துக்கொண்டவர்கள் இன்றும் அதை அளந்து சாப்பிட்டு உயிரோடு இருக்கிறார்கள். உன் மூதாதை எத்தனையோ வீட்டில் தாலி காத்திருக்கிறது.

எலிகள் அந்த மூதாதைக்குப் பழகிப்போயின. 1950களின் கடைசியில் ஸ்காட்லாந்துப் பண்ணைகளில் வார்ஃபரின் தின்றும் சாகாத எலிகளைப் பார்த்தார்கள். அந்த எலிகளையும் வீழ்த்தத்தான் உன்னைச் செய்தார்கள், புரோமடியோலோனே. உன் உடன்பிறப்பு புரோடிஃபகூம் இன்னும் வலியவன். பாட்டன் உடம்பை விட்டுச் சில நாளில் போய்விடுவான். நீங்கள் இருவரும் ஈரலில் வாரக்கணக்கில் தங்குவீர்கள். வந்த இடத்தில் வேர்விடும் குணம் உங்கள் தலைமுறையில்தான் வந்தது.

உன் குணங்களில் முதலில் சொல்ல வேண்டியது பொறுமை. எலி சந்தேகப் பிராணி. புது உணவு என்றால் கொறித்துப் பார்த்துக் காத்திருக்கும். தின்ற உடனே ஒரு எலி துடித்துச் செத்தால் மற்றவை அந்த உணவின் பக்கம் திரும்பாது. ஆகவே நீ அவசரப்படுவதில்லை. வயிற்றில் வலி தராமல், நாக்கில் எரிச்சல் தராமல், நல்ல விருந்தாளிபோல உள்ளே போய் உட்கார்ந்து மூன்று நாள், ஐந்து நாள் காத்திருக்கிறாய்.

அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று ஒரு மருத்துவர் எங்களுக்குச் சொன்னார். ரத்தம் உறைய ஈரல் சில புரதங்களைச் செய்து அனுப்ப வேண்டும். அதற்கு வைட்டமின் கே வேண்டும். உடம்பு சிக்கனமானது, ஒருமுறை பயன்படுத்திய கே வைட்டமினைப் புதுப்பித்து மறுபடி மறுபடி பயன்படுத்தும். அந்தப் புதுப்பிக்கும் வேலையைத்தான் நீ நிறுத்துகிறாய். 'கிரைண்டர் ரிப்பேர் ஆனா அன்னைக்கே வீட்ல இட்லி நிக்கிறதில்லயே சார். அரைச்ச மாவு பிரிட்ஜ்ல இருக்கும். ரெண்டு நாள், மூணு நாள் ஓடும். பாத்திரம் வழிச்சாத்தான் தெரியும்' என்றார். உன்னைத் தின்ற நாயும் அப்படித்தான். ஓடுகிறது, வாலாட்டுகிறது, தட்டை நக்குகிறது. அத்தனையும் பழைய மாவில் நடக்கிறது.

உன் சிக்கனமும் உன் பொறுமைக்குக் குறைந்ததல்ல. கடையில் விற்கும் கேக்கில் உன் பங்கு நூற்றுக்கு 0.005. ஒரு கிலோவை எடுத்தால் அதில் நீ 50 மில்லிகிராம். மீதியெல்லாம் தானியம், மெழுகு, சாயம். இன்று கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று ஈரலில் சேர்த்து வைக்கிறாய். சிறுகச் சேர்த்துப் பெருக வாழச் சொல்வார்கள் பெரியவர்கள். நீ சேர்க்கத் தெரிந்தவன்.

உன் சேமிப்புக்கு எங்கள் அப்பாதான் பத்து நாளுக்கு மேல் பணம் போட்டார்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கொல்லைப்புறம் நெல் மூட்டை அடுக்கும் அறை. அறுவடை முடிந்த மாசி மாதம், மூட்டைகளில் எலி பொத்தல் போட ஆரம்பித்தது. அப்பா பச்சை நிறக் கேக்கை வாங்கி வந்து மூட்டைச் சந்தில் நாலைந்து வைத்தார். காலையில் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. 'நல்லா தின்னுதுடா' என்று சந்தோஷப்பட்டார். அன்று ராத்திரி மறுபடி வைத்தார். மறுநாளும் காணோம். தினமும் வைத்தார், தினமும் காலியானது. எத்தனை எலி இருந்தால் இத்தனை தின்னும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த அறையின் கதவு கீழ்ப்பக்கம் உளுத்துப்போய், எட்டுக் கிலோ நாய் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மணி நாட்டு நாய். செவலை நிறம், மார்பில் மட்டும் வெள்ளை. அப்பா சாப்பிட்டு எழுந்த இலையருகே உட்கார்ந்து, அவர் 'ம்' என்று சொல்லும்வரை வாயை வைக்காமல் இருப்பவன். கேக்கை வைக்க அப்பா உள்ளே போகும்போதெல்லாம் அவரோடு போய் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். அப்பா கையால் வைப்பதெல்லாம் சோறுதான் என்று பிறந்ததிலிருந்து அவனுக்குத் தெரியும்.

இங்கே உன் ருசியைச் சொல்ல வேண்டும். தானிய வாசனை, கடிக்கப் பதமான மெழுகு. மனிதப் பிள்ளை வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்று உங்களில் பலவற்றில் கடுங்கசப்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள். பிள்ளைகளை நினைத்துச் செய்த அந்த ஏற்பாட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். நாய் நாக்கில் வைத்து யோசித்துச் சாப்பிடுகிற பிராணி இல்லை. கசப்பு தெரிவதற்குள் கேக் தொண்டையைத் தாண்டிவிடும்.

அதைவிட உன் அடக்கம் பெரிது. ரத்தத்தால் கொல்கிற நீ, பல நேரம் ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட வெளியே காட்டுவதில்லை. மணி முதலில் முன்னங்காலை ஊன்றாமல் நடந்தான். முள் என்று நினைத்து அம்மா காலைத் தடவித் தடவித் தேடினாள். மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கட்டியிருந்தது, முள் இல்லை. மறுநாள் படி ஏறவில்லை, சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். லேசாக இருமினான். சளி என்று நினைத்து மிளகு தட்டிப் போட்டோம். நெஞ்சுக்கூட்டுக்குள் ரத்தம் நிறைந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா தற்செயலாக அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்து, 'என்னங்க, ஈறு இப்படி வெளுத்துக் கெடக்கு' என்றார். சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. அந்த நேரம்வரை எங்கள் வீட்டில் யார் கண்ணிலும் ரத்தம் படவில்லை.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் வயிற்றைத் திருப்பிப் பார்த்தார். தொடை இடுக்கில் கருநீலமாகக் கன்றியிருந்தது. ரத்தம் எடுக்கக் காலில் ஊசி குத்தினார். குத்திய இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார், பஞ்சு நனைந்துகொண்டே இருந்தது.

'வீட்ல எலி மருந்து வச்சீங்களா ஐயா?'

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. 'வச்சேன் டாக்டர். ஆனா அதெல்லாம் எலி தின்னுடுச்சே' என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

உன்னை முறிக்கிற மருந்து எளியது, பச்சைக் கீரைகளில் இருக்கிற வைட்டமின் கே1. கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பில்லாத தீனி கொடுத்துப் பார்த்து, அவை ரத்தம் கசிந்து சாவதிலிருந்து இந்த வைட்டமினைக் கண்டவர் டென்மார்க்கின் ஹென்ரிக் டாம். அதன் வேதி அமைப்பைக் கண்ட எட்வர்ட் டாய்சியோடு சேர்த்து 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. உன்னைச் செய்வதற்கு முன்னாலேயே உன் மாற்று இருந்தது. கடைகளில் மட்டும் அது எப்போதும் இருப்பதில்லை. அன்று இரவு நான் மூன்று மருந்துக் கடை ஏறினேன். ஒரு கடையில் 'வைட்டமின் கே தானே, இருக்கு' என்று கொடுத்தார்கள். கொண்டுபோனால் அது கே3. எழுத்து ஒன்றுதான், எண்தான் வேறு. கே3 உன்னிடம் பலிக்காது என்று மருத்துவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். கே1 கிடைத்தபோது மணி பதினொன்று.

அதற்குள் வைட்டமின் மட்டும் போதாத நிலைக்கு அவன் போயிருந்தான். கே1 கொடுத்தாலும் ஈரல் புதிதாகப் புரதம் செய்து அனுப்பப் பல மணி நேரம் ஆகும். அதுவரை தாங்க வேறொரு நாயின் ரத்தமோ அதிலிருந்து பிரித்த பிளாஸ்மாவோ வேண்டும். வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கென்றே ரத்த வங்கி இருக்கிறது. நாங்கள் கும்பகோணத்தில் இருந்தோம். முதல் தடவை ரத்தம் ஏற்றும்போது நாய்களுக்குப் பெரும்பாலும் பெரிய ஒவ்வாமை வராது என்று சொல்லி, மருத்துவர் நள்ளிரவில் தனக்குத் தெரிந்த ஒருவரின் லாப்ரடாரை வரவழைத்தார். அந்த நாய் மேசைமேல் அசையாமல் படுத்து ரத்தம் கொடுத்தது. முகம் தெரியாத அந்த வீட்டாருக்கு இன்றுவரை எங்களால் கைம்மாறு செய்ய முடியவில்லை. பாதி பை ஏறியிருக்கும். மூன்று மணிக்கு மணி போய்விட்டான். கடைசிவரை அவன் தலை அப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. அவர் 'ம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உன் நியாயத்தையும் சொல்கிறேன். மணியோடு நீ நிற்கவில்லை. உன்னைத் தின்று தள்ளாடும் எலியைப் பிடித்த பூனைக்கும் உன் பங்கைக் கொடுத்தாய். எங்கள் பக்கத்தில் வயலில் கம்பு நட்டு வைப்பார்கள், ராத்திரி கூகை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கும். அந்தக் கூகைக்கும் நீ எலியின் வழியாகப் போய்ச் சேர்கிறாய். எலியைக் கொல்ல வந்து, எலியைத் தின்கிறவனையும் விடாமல் கொல்கிற உன் முழுமை தஞ்சாவூர்க் கிட்டிக்கு இல்லை. மூங்கிலை வளைத்துக் கட்டிய அந்தப் பொறி, வைத்த வளையில் வந்த எலியை மட்டும் பிடித்து அங்கேயே நின்றுவிடும். வரப்பில் வளையைக் கண்டு எலி பிடிக்கிற இருளர் கைக்கும் அந்தக் குறை உண்டு. பிடித்த எலியோடு அவர்கள் வேலை முடிந்துவிடும்.

உன் உறவினர்களை விட்டுவிட்டால் மரியாதையில்லை. துத்தநாக பாஸ்பைடு, வயலுக்கு வாங்கும் அந்தக் கருஞ்சாம்பல் பொடி, உன்னைப்போல் காத்திருப்பதில்லை. வயிற்றில் அமிலம் பட்ட உடனே வாயுவாகிறது. கால் மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். மாற்று மருந்து கிடையாது. அதைத் தின்ற நாய்க்குப் பதறிப்போய்ச் சோறு வைத்தால் அமிலம் கூடி வாயு பெருகும். நாய் வாந்தி எடுக்கும் அறையில் ஜன்னல் அடைத்திருந்தால் வைத்தியம் பார்க்கிறவர் தலையும் சுற்றும். மஞ்சள் பாஸ்பரஸ் பசையைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அது ஈரலை அழித்து எடுத்த மனித உயிர்களுக்காகவே அரசு அதன் விற்பனைக்குத் தடை போட வேண்டியிருந்தது. அதைத் தின்ற நாய்க்கு விஷம் முறியட்டும் என்று பாலும் எண்ணெயும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பாஸ்பரஸ் கொழுப்பில் கரைந்து இன்னும் சீக்கிரம் உடம்பில் ஏறும். உங்கள் குடும்பத்தில் ஒருவனுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொருவனுக்கு ஆகாது. ஆனால் உங்கள் எல்லோருக்கும் எங்கள் வீடுகளில் ஒரே பெயர்.

உன்னைச் செய்தவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். உன் பொறுமை அந்த நம்பிக்கையின்மேல் நிற்கிறது. நாயால் முடியும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள், கொஞ்சம் தாமதமானால் நாலு மணி நேரத்துக்குள், மருத்துவர் ஊசி போட்டால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். நீ தருகிற அமைதியான மூன்று நாளில் முதல் இரண்டு மணி நேரம் எங்களுடையது. கே1 தொடங்காவிட்டால் மீதி உன்னுடையது.

மணி போய் இரண்டு வருஷம் கழித்து, மழை நாள் ஒன்றில் செல்லி என்ற நாய்க்குட்டி தெருக்கோடி டீக்கடைப் பின்புறத்திலிருந்து ஓடிவந்தது. மூக்கில் பச்சைத் துகள். அப்பா அதைத் தூக்கி வாயைத் திறந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டீக்கடைக்குப் போய், குப்பையில் கிடந்த உன் உறையைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். வழியில் ஒருவர், 'உப்புத் தண்ணி கரைச்சு ஊத்துங்கண்ணே, கக்கிடும்' என்றார். இன்னொருவர் புளிக்கரைசல் சொன்னார். நல்ல மனதோடு சொன்னவர்கள்தான். அந்தச் சின்ன உடம்புக்கு உப்பே தனி விஷமாகும். அப்பா அதற்கெல்லாம் நிற்கவில்லை. டிவிஎஸ் 50இல் நான் ஓட்ட, பின்னால் குட்டியை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடத்தில் மேசைமேல் இருந்தது. அதே மருத்துவர்.

உறையை வாங்கிப் படித்தார். இந்தத் தடவை நெற்றி சுருங்கவில்லை. 'எப்ப தின்னுச்சு, எவ்வளவு எடை?' என்று கேட்டு ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் செல்லி தரையில் பச்சை பச்சையாகக் கக்கியது. அந்தப் பச்சை அரைகுறையாகக் கூடக் கரையவில்லை. தானியம் தானியமாகத் தெரிந்தது. பிறகு கரித்தூள் கரைசல் புகட்டினார். கே1 மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும், விடாமல், மூன்று வாரம்.

'நல்லா இருக்குன்னு ஒரு வாரத்துல நிறுத்திடாதீங்க ஐயா. நாய் நல்லாத்தான் இருக்கும். இந்த மருந்து ஈரல்ல அவ்வளவு நாள் ஒக்காந்திருக்கும்.'

'நிறுத்த மாட்டேன் டாக்டர்' என்றார் அப்பா.

கொழுப்போடு கொடுத்தால் கே1 உடம்பில் நன்றாகச் சேரும் என்பதால் அம்மா தினமும் வெண்ணெயில் மாத்திரையை உருட்டினாள். காலண்டரில் ஒவ்வொரு தேதியாக அப்பா அடித்துக்கொண்டு வந்தார். அந்த மூன்று வாரமும் செல்லி கோழியைத் துரத்தியது, செருப்பைக் கடித்தது, வாலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பார்க்கிறவர்கள், 'இதுக்கா மாத்திரை?' என்று கேட்டார்கள். அப்பா பதில் சொல்லாமல் அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பார். நெல் அறையின் கதவுக்கு அடிப்பலகை புதிதாக அடித்திருந்தோம். எலிக்குக் கிட்டி வைத்திருந்தோம். உன்னை அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் விடவில்லை.

கடைசி மாத்திரை கொடுத்து இரண்டு நாள் கழித்து ரத்தம் உறைகிற நேரத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். போனோம். முன்னங்காலில் மயிரை மழித்து ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். குத்திய இடத்தில் பஞ்சை வைத்து, அப்பாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தார். அப்பா அழுத்திக்கொண்டு நின்றார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். செல்லி அவர் மணிக்கட்டை நக்கியது. 'எடுங்க ஐயா' என்றார் மருத்துவர். அப்பா எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தினார். பிறகு மெதுவாக விரலைத் தூக்கினார். பஞ்சில் கடுகளவு சிவப்பு. தோலில் ஒன்றும் இல்லை.